ஆளுக்கொரு புத்தகம்

முறுக்கு போதும் என்றுதான் அழகம்மை ஆச்சி தலைப்பாடாக அடித்துக்கொண்டார். கணவருக்கு அறுபதாம் கல்யாணம். வருகிறவர்கள் கிளம்பும்போது கையில் ஒரு பொட்டலம் முறுக்கு, ஓர் எவர்சில்வர் கிண்ணம். கிள்ளானில் எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்? ஆனால் தியாகராஜன் கேட்டால்தானே! மூன்று இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிற மனிதருக்கு, அறுபது வயதானதும் ஊரின் அறிவை வளர்க்கும் ஆசை வந்துவிட்டது.

"இருநூத்திப் பன்னெண்டு பேருக்கும் ஆளுக்கொரு புத்தகம். யாருக்கு எது புடிக்குமோ அது. அதுக்குத்தான் டொரத்தி அக்கா இருக்காங்களே" என்று சொல்லிவிட்டு, அடுத்த நாளே காரைப் பிரிக்பீல்ட்ஸுக்கு விட்டார்.

டொரத்தி அங்கே ஒரு தமிழ்ப் புத்தகக் கடையில் இருபத்திரண்டு வருடமாக நிற்பவர். நிற்பவர் என்றால் நிற்பவரேதான். பின்னால் நாற்காலி கிடக்கும், உட்கார மாட்டார். வருகிறவரிடம் "என்ன மாதிரி புத்தகம் படிப்பீங்க?" என்று கேட்கவும் மாட்டார். அப்படிக் கேட்டால் எல்லாரும் பொய் சொல்வார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. "போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் என்ன செஞ்சீங்க?" என்பார். காரைக் கழுவினேன், மாமியாரோடு சண்டை போட்டேன், ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன் என்று ஏதாவது பதில் வரும். அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டே கை ஒரு தட்டுக்குப் போய்விடும். சின்னப் பிள்ளைகள் என்றால் ஸ்டூலில் உட்காரவைத்துக் கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டுக் காலைப் பார்ப்பார். ஆடிக்கொண்டிருக்கிற கால் எந்தப் புத்தகத்துக்கு நிற்கிறதோ அதுதான் அந்தப் பிள்ளைக்கு.

இன்னொரு கண்டிப்பும் உண்டு. மருந்து மாதிரி யாருக்கும் புத்தகம் கொடுக்கக் கூடாது. உடம்பு இளைப்பது எப்படி, கோபத்தை அடக்குவது எப்படி என்பதெல்லாம் வாயைத் திறந்து கேட்டால் எடுத்துக் கொடுப்பார். தானாக நீட்ட மாட்டார். அடுத்தவருக்கு நல்லது சொல்லப் போய் அவர் பட்டது போதாதா?

தியாகராஜனின் பட்டியலை முதலில் அவர் கையில்கூட வாங்கவில்லை. "இது என்ன கூத்து போஸ்! இருநூறு பேரை எனக்கு எப்படித் தெரியும்?"

"ஃபோன் நம்பர் எல்லாம் இருக்கு அக்கா. பாருங்க, மேசை வாரியா எழுதியிருக்கேன். பழைய ஸ்டாஃப்கூட ஒருத்தரையும் விடல."

மரியாதைக்குப் புரட்டியவர் பதினான்காம் மேசையில் நின்றுவிட்டார். கபிரியேல், ஓய்வுபெற்ற ஸ்டோர் சூப்பர்வைசர், சுங்கை பூலோ. அவருடைய சொந்தத் தம்பி.

"செய்றேன் போஸ்" என்றார்.

தம்பி பேசி ஏழு வருடம் ஆயிற்று. சண்டைக்கு விதை விழுந்தது அதற்கும் இரண்டு வருடம் முன்பு, அவன் மகள் ஜோஆன் கல்யாண விருந்தில். சர்க்கரை எகிறிக் கிடக்கிற மனுஷன் மூன்றாவது குலாப் ஜாமூனை வாயில் போடப் போனான். டொரத்திக்குப் பொறுக்கவில்லை. முந்நூறு பேர் பார்க்கக் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு, "இப்படியே தின்னுட்டு இரு! ஒரு நாளைக்குக் காலை வெட்டித்தான் எடுக்கப் போறாங்க!" என்று கத்திவிட்டார். பாசத்தில் வந்த வார்த்தைதான். அதை யார் கேட்டார்கள்? இரண்டாம் வருடம் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அழுதுகொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவரிடம், "சொன்னது நடந்துருச்சான்னு பாக்க வந்தியா?" என்று கேட்டுவிட்டுத் தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்குப் பிறகு இரண்டு முறை சுங்கை பூலோவுக்குப் போனார். கேட் திறக்கவில்லை. இவருடைய ஃபோன் நம்பரையும் தடுத்து வைத்துவிட்டான்.

ஆனால் தியாகராஜன் கூப்பிட்டால் கபிரியேல் வராமல் இருக்க மாட்டான். முப்பது வருடம் சோறு போட்ட முதலாளி. அங்கே அவன் கையில் ஒரு புத்தகம் போய்ச் சேரும். எந்தப் புத்தகம் என்பதில் டொரத்திக்கு ஒரு நிமிஷம்கூடக் குழப்பமில்லை.

செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த நாளில், யாரோ ரயிலில் விட்டுப்போன ஒரு துப்பறியும் நாவலை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார். பங்களாவில் பணக்காரத் தம்பி ஒருவன் விஷம் வைத்துக் கொல்லப்படுகிறான். டாக்டர் மேல் சந்தேகம், டிரைவர் மேல் சந்தேகம், கூடவே இருக்கும் அக்கா மேலும் சந்தேகம். கடைசிப் பதினாறு பக்கத்தைக் காணோம்! டாக்டர்தான் என்பார் டொரத்தி. "போடி, அக்காதான் கொன்னுருப்பா" என்பான் எட்டு வயதுக் கபிரியேல். "எந்த அக்காவாவது தம்பியைக் கொல்லுவாளாடா, மடையா!" என்று நங்கென்று ஒரு குட்டு விழும். இருவருக்கும் தலை நரைத்த பிறகும் கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் இந்த வழக்கு நடந்துகொண்டுதான் இருந்தது.

அந்த நாவலின் முழுப் பிரதி ஒன்று ஈப்போவில் வீட்டைக் காலி செய்த ஒருவரிடமிருந்து போன வருடம்தான் கிடைத்திருந்தது. ஆனாலும் முடிவை அவர் படிக்கவில்லை. கடைசிப் பதினாறு பக்கத்தைச் சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டு வைத்தார். படித்துவிட்டு அவன்தான் சொல்ல வேண்டும். ஜெயித்தாலும் தோற்றாலும், "யாருன்னு தெரியுமா?" என்று கேட்க ஃபோன் செய்யாமல் அவனால் இருக்க முடியாது. தன் தம்பியை அவருக்குத் தெரியாதா?

மற்றவர்களையும் அவர் ஏமாற்றவில்லை. மூன்று மாதம் ஒவ்வொருவராக ஃபோன் போட்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை விசாரித்தார். ராதாகிருஷ்ணன் என்ற முன்னாள் வங்கி மேனேஜர், "நடந்தேன். தெனமும் நடக்குறேன். நடக்குறதைப் பத்தி இருந்தா குடுங்க, வேற எதுவும் வேணாம்" என்றார். அவருக்குத் தினமும் பத்தாயிரம் அடி நடப்பதைப் பற்றிய புத்தகம். கமலநாதன் என்ற கோயில் கமிட்டித் தலைவருக்குச் சட்டிக்கறி சமைக்கும் புத்தகம். ரிஷி என்ற பையனுக்குப் பேய்க்கதை. யாருக்கு எது என்று நோட்டில் எழுதி, ஒவ்வொரு புத்தகத்தின் அட்டை மேலும் பெயர் எழுதிய மஞ்சள் சீட்டை ஒட்டி, மேசை வாரியாகப் பெட்டி கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கிள்ளானில் மண்டபம் நிறைந்த கூட்டம். உள்ளே நுழைந்த டொரத்திக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மேசை மேசையாகத் தங்க நிறக் காகிதம் சுற்றிய பொட்டலங்கள். ஒரே மாதிரி ரிப்பன். மஞ்சளைக் காணோம்.

அலங்காரக் குத்தகை எடுத்த முகுந்தன் ஓடி வந்தார். சிரித்த முகம். "ஆன்டி, எப்படி இருக்கு? நீங்க ஒட்டுன ஸ்டிக்கர் கலர் தீமோட சேரல லா. எல்லாம் எடுத்துட்டு ஒரே மாதிரி சுத்திட்டோம். ஒண்ணுகூட தூக்கிப் போடல, பாருங்க." ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு மஞ்சள் சீட்டு.

"தம்பி, எந்தப் பொட்டலம் யாருக்குப்பா?"

"எல்லாம் புத்தகம்தானே ஆன்டி? யாருக்கு எது போனா என்ன?"

பாவி! அடுத்த வார்த்தை வாயில் வருவதற்குள் மேடையில் மைக் கொரகொரத்தது. தியாகராஜன் மாலையும் கழுத்துமாக நின்றார். "உங்க மேசையில இருக்கறது சாதாரண கிஃப்ட் இல்ல. டொரத்தி அக்கா மூணு மாசம் உக்காந்து, உங்க குணம், உங்க மனசு எல்லாம் பாத்து, ஒவ்வொருத்தருக்கும் அவங்களுக்குன்னே எடுத்த புத்தகம்! பிரிச்சுப் பாருங்க!"

மண்டபம் முழுக்கக் காகிதம் கிழிகிற சத்தம். டொரத்தி பதினான்காம் மேசையைத் தேடி ஓடினார். அறுபத்தைந்து வயதுக் கால் எவ்வளவு ஓடும்? வழியில் ஒரு பெண்மணி எழுந்து நின்று, "எனக்கு என்ன கோவம்னு இதைக் குடுத்தீங்க? யார் சொன்னது உங்களுக்கு?" என்று கோபத்தை அடக்கும் புத்தகத்தை முகத்துக்கு நேரே ஆட்டினார். அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தால், கமலநாதன் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கையில் பேய்க்கதை. கண் கலங்கியிருந்தது.

"எப்படிம்மா கண்டுபுடிச்சீங்க? எங்கம்மா எனக்குப் பேய்க்கதை சொல்லித்தான் சோறு ஊட்டுவாங்க. என் பெஞ்சாதிக்குக்கூட இது தெரியாது. நீங்க சாதாரண ஆள் இல்ல."

"சரிங்கய்யா, கையை விடுங்க, நான் போகணும்."

"இருங்க, ஒரு ஃபோட்டோ எடுத்துக்குவோம்."

அவர் தோளுக்கு மேலாகத்தான் டொரத்தி பார்த்தார். சக்கர நாற்காலியில் கபிரியேல். இளைத்திருந்தான். தங்கக் காகிதத்தைக் கிழிக்காமல், சின்ன வயதில் பிரிப்பது போலவே ஓரமாக ஒட்டியிருந்த டேப்பை எடுத்துப் பிரித்தான். அட்டையைப் பார்த்தான். ஓடுகிற காலணி போட்ட இரண்டு கால்களின் படம் டொரத்திக்கு அங்கிருந்தே தெரிந்தது. ராதாகிருஷ்ணனின் புத்தகம்.

தம்பி நிமிர்ந்தான். கூட்டத்துக்கு நடுவே நேராக அக்காவைத்தான் பார்த்தான். நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியேறினான். இவர் வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் கார் போய்விட்டது.

புதன்கிழமை கௌசல்யா என்ற பல் டாக்டர் கடைக்கு வந்தார். "ஆன்டி, எனக்குப் பழைய புத்தகம் வந்திருக்கு. ஒரே வாசம், பின்னால ரப்பர் பேண்ட் வேற. வேற மாத்தித் தர முடியுமா?" அந்த ரப்பர் பேண்ட் போட்டபடியே இருந்தது. டொரத்தி நாவலைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, அலமாரியில் இருந்த நல்ல புத்தகமாக இரண்டைக் கொடுத்து அனுப்பினார்.

சனிக்கிழமை ஜோஆன் வந்தாள். அந்த நடைப் புத்தகம் இருந்த பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்தாள். "அப்பா குடுக்கச் சொன்னாரு, அத்தை. ஆறு நாளா ஒழுங்கா சாப்பிடல. ஏன் அத்தை இப்படிச் செஞ்சீங்க?"

டொரத்தி ஒன்றுவிடாமல் சொன்னார். மஞ்சள் சீட்டுப் பையைக் கொட்டிக் காட்டினார். நோட்டைத் திறந்து, கபிரியேல் பெயருக்கு நேரே எழுதியிருந்ததைக் காட்டினார். ஜோஆன் இரண்டு முறை படித்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அங்கேயே அப்பாவுக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, தப்பு முகுந்தன் மேல்தான் என்று படபடவென்று சொன்னாள்.

"நோட்டா?" ஏழு வருடம் கழித்துக் கேட்கிற குரல். கரகரவென்றிருந்தது. "நோட்டுல இன்னைக்கு எழுத முடியாதா? மைக்ல சொன்னாங்களே, மூணு மாசம் உக்காந்து எனக்குன்னே எடுத்ததுன்னு. ஊரே கேட்டுச்சு."

"டேய் கபிரியேல், சத்தியமா நான் அதைக் குடுக்கலடா" என்றார் டொரத்தி. "உனக்கு எடுத்து வச்சது வேற. இதோ என் கையில இருக்கு."

"இன்னும் என்ன புத்தகம் வச்சிருக்கா? ஒத்தக் கால்ல குதிக்கறது எப்படின்னா?" தம்பி அக்காவிடம் பேசவில்லை, மகளிடம்தான் பேசினான். "அவ சாமான் எதுவும் வீட்டுக்குள்ள வரக்கூடாது. கொண்டுவந்தா எரிச்சுருவேன். சொல்லிட்டேன்."

ஃபோன் அணைந்தது. ஜோஆன், "விடுங்க அத்தை, மெதுவா சொல்லிப் பாக்குறேன்" என்று யாருக்கும் நம்பிக்கை வராத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, நாவலைத் தொடாமலே போய்விட்டாள்.

இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக டொரத்தி கடை நாற்காலியில் உட்கார்ந்தார். ரப்பர் பேண்டைக் கழற்றினார். இனி யாருக்காகக் காத்திருக்க? பதினாறு பக்கமும் கால் மணி நேரத்தில் முடிந்தது. டாக்டர் இல்லை. டிரைவரும் இல்லை. அக்காதான். தினமும் தன் கையால் ஆற்றிக் கொடுத்த பாலில் கலந்திருக்கிறாள்.

எட்டு வயதில் அவன் சொன்னதுதான் சரி. அதை அவனிடம் சொல்ல ஒரு வழியும் இல்லையே என்று நினைத்தபோது டொரத்திக்கு அழுகை வந்தது. கடை என்றும் பார்க்காமல் அழுதார்.

கதவு மணி அடித்தது. கல்லூரிப் பெண் ஒருத்தி, முதுகில் பை, வியர்த்த முகம். "ஆன்டி, உங்களைப் பத்தி லெக்சரர் சொன்னாங்க. யாருக்கு எந்த புக் புடிக்கும்னு கரெக்டா சொல்லுவீங்களாமே? என் தம்பிக்கு நாளைக்கு பர்த்டே. சண்டை போட்டு ஒரு மாசமா பேச மாட்டேங்குறான். நல்லதா ஒண்ணு எடுத்துத் தாங்களேன்."

டொரத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை. அவள் தம்பி போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன செய்தான் என்றும் கேட்கவில்லை.

"முறுக்கு வாங்கிக் குடும்மா" என்றார்.