கத்திப்பிடியில் ஒரு பள்ளம்

புருஷனின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தவள், கொழுந்தனைத் தோளில் தட்டிச் சமையலறைக்குக் கூட்டிப் போனாள். பற்றவைக்காத அடுப்பு மேடையில் அவன் தோள்பையிலிருந்த லேப்டாப்பை வைத்துத் திறக்கச் சொன்னாள். வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டதென்று வெளியே பேசிக்கொண்டார்கள்.

செத்துப்போனவன் இரும்பு அச்சுகள் செய்யும் பட்டறையில் டிசைனர். தசமப் புள்ளிக்கெல்லாம் சண்டை பிடிப்பான் என்று அங்கே அவனுக்குப் 'புள்ளி' என்றே பேர். நேற்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்துவிட்டது. அதற்குச் சற்று முன்னால்தான் தம்பிக்கு ஒரு ஃபைல் அனுப்பியிருந்தான்.

அவளுக்காக வரைந்த கத்திப்பிடி. தகடு வெட்டும் பிரஸ் மிஷின் அவளுடைய ஆள்காட்டி விரலைப் பாதி வாங்கிக்கொண்டதிலிருந்து கையில் எந்தக் கத்தியும் நிற்பதில்லை. சாயங்காலமானால் அவள் கையை மடியில் போட்டுக்கொண்டு வெர்னியர் அளவுகோலால் அளப்பான். அவள் கூச்சத்தில் நெளிவாள். இரும்புகூட இதைவிட அடக்கமாகக் கிடக்கும் என்று வைவான். அளந்து முடித்த பிறகும் கையை விடமாட்டான்.

தம்பி வேலை பார்க்கும் இடத்தில் வேறு மென்பொருள். அதற்கும் ஒத்துவரும்படி அண்ணன் எக்ஸ்போர்ட் செய்து அனுப்பியிருந்தான். தம்பி அதை இம்போர்ட் செய்தான். சாம்பல் நிறத்தில் பிடி வந்து நின்றது. திருப்பிப் பார்த்தவன் முகம் சுளித்தான்.

"இங்க பள்ளமா இருக்கு அண்ணி. ஃபைல் மாறி வரும்போது சில நேரம் மேல்பக்கம் இப்படி உள்வாங்கிரும். எங்களுக்கு இதே பொழப்பு. மூடிரவா?"

"அவர் போட்டதா, தானா விழுந்ததா?"

"தெரியல. அண்ணன் கம்ப்யூட்டர்ல திறந்தா, முதல்ல எது செஞ்சாரு, அப்புறம் எது செஞ்சாருன்னு வரிசையா காட்டும். இங்க உருவம் மட்டுந்தான் வரும். அவரைக் கேட்டாத்தான்..."

பாதியில் நிறுத்திக்கொண்டான். பட்டறையைப் பூட்டியிருந்தார்கள். கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டும் அண்ணனுக்கு மட்டுந்தான் தெரியும்.

நாத்தனார் வாசற்படியில் வந்து நின்றாள். "அவன் அங்க கெடக்கான். இங்க என்ன படம் ஓடுது?"



அந்தப் பள்ளத்தை நிஜ அளவுக்குக் கொண்டுவரச் சொன்னாள் அவள். வந்தது. நேராக இல்லை, இடப்பக்கம் சாய்ந்து, அடியில் சின்னதாக ஒரு வளைவு. புண் ஆறும்போது அவளுடைய பாதி போன குட்டை விரலும் அப்படித்தான் கோணிக்கொண்டது. கல்யாண வீடுகளில் முந்தானைக்குள் ஒளித்து வைப்பாள். அந்தக் கோணலைத் திரையின்மேல் வைத்தாள். ஓரம் ஓரமாகப் பொருந்தியது.

"மூடாத," என்றாள். "அது என் விரலு."

கொழுந்தன் எதையும் தொடாமல் அப்படியே சேமித்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரையையே பார்த்திருந்தான்.

முன்னறையில் தூக்குவதற்கு நாலு பேர் குனிந்துவிட்டார்கள். கொஞ்சம் இருங்க என்றாள், நின்றார்கள். போர்வைக்குள் கைவிட்டு அவனுடைய உள்ளங்கையைத் தேடி எடுத்து, குட்டை விரலை அதில் அழுத்தினாள். விறைத்த சதை. எங்கேயும் குழியவில்லை. இடம் மாற்றி வைத்து இன்னொரு தடவை அழுத்தினாள்.

நாத்தனார்தான் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக அவள் கையைப் பிரித்தெடுத்து, போர்வையை இழுத்துவிட்டாள்.