பாலத்துக்கு வந்த தட்டு

மருதமுத்துவுக்கு அன்று தலைகால் புரியவில்லை. ஆற்றுக்குக் குறுக்கே இரும்பு வடங்களில் தொங்கும் புதுப் பாலத்துக்கு முதல் தேங்காயை அவன்தான் உடைக்க வேண்டும் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கலியாணசுந்தரம் சொல்லிவிட்டார். வடங்களை முறுக்கிப் பூட்டியவன் அவன்தானே. நாட்டு விடுதலை நாளான மெர்டேக்காவுக்குச் சில நாள்தான் இருந்தது; காஜா பெராங் டவுன் முழுக்கக் கொடித்தோரணம். தோட்டத்து ஆள் டவுனுக்கே பாலம் போட்டுவிட்டான் என்று கூட வேலை செய்தவர்கள் கேலி பேசினார்கள். அந்தக் கேலியும் அவனுக்குத் தித்தித்தது.

பூசைத் தட்டு கோயிலிலிருந்து வருவதாக ஏற்பாடு. வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்தவன், கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியுமாக ஓர் அம்மாள் தட்டோடு நிற்பதைக் கண்டான். வேடிக்கை பார்க்க வந்த மலாய்க்காரி தட்டை எடுத்துவிட்டாள் என்று அவனாகவே முடிவு கட்டினான். இது இந்துக்களின் சாமி காரியம், தொடக்கூடாது, தள்ளிப் போங்கள் என்று ஊருக்கே கேட்கும்படி மலாயில் அதட்டினான். அதோடு விட்டானா? தட்டைப் பிடுங்கினான். குங்குமச் சிமிழ் கவிழ்ந்து அவளுடைய வெள்ளைக் கெபாயாவில் கொட்டியது.

அவள் கோபப்படவில்லை. "இத்து சாமி, சாயா பூன்யா ஜூகா," என்றாள் மெதுவாக. அந்தச் சாமி எனக்கும் உண்டு என்று அர்த்தம்.

மண்டோர் ஓடி வந்தார். "டேய், இவங்க கம்போங் செட்டி சிவகாமசுந்தரி அம்மா. தலைமுறை தலைமுறையா இங்கயே இருக்கிற தமிழ் வம்சம், பேச்சும் உடுப்பும்தான் மலாய். படகுக்கார அப்பாசாமி சம்சாரம். மாரியம்மன் கோயில்லருந்து தட்டு கொண்டாந்ததே இவங்கதான்டா."

அப்பாசாமி. வடம் இழுத்தபோது கால் வழுக்கி ஆற்றில் விழுந்த இவனை, தலைமுடியைப் பிடித்துத் தூக்கித் தன் சம்பான் படகில் போட்டவர். அக்கரைக்கு ஆளேற்றிப் போவதுதான் அவர் பிழைப்பு. நாளை முதல் அதில் ஏற யார் வரப்போகிறார்கள்? அது தெரிந்தும் அந்த வீட்டிலிருந்துதான் பாலத்துக்குத் தட்டு வந்திருக்கிறது.  மருதமுத்துவுக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

நீங்கள்தான் முதலில் நடக்க வேண்டும் என்று மண்டோர் அந்த அம்மாளிடம் கெஞ்சிப் பார்த்தார். வீட்டுக்காரர் காத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு அவள் கரையில் இறங்கிப் போனாள்.

"உடைடா, நல்ல நேரம் போகுது," என்றார் மண்டோர்.

தேங்காயைப் பிடித்த கை உயரவில்லை. அவளைக் கூப்பிட நினைத்தான். அக்கா என்பதா, மலாய் முறையில் மக்சிக் என்பதா? தட்டைப் பிடுங்கியவனுக்கு எந்த முறை பொருந்தும்? கீழே அப்பாசாமி அவளைப் படகில் ஏற்றிக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். பாலத்தின் நிழலைத் தாண்டும்போது அவள் குனிந்து ஆற்று நீரை அள்ளி, கெபாயாவைத் தேய்த்தாள். சிவப்பு போகவில்லை; தேய்க்கத் தேய்க்கப் பரவிக்கொண்டே இருந்தது.