ஆடு தொடாத புல்

ஆறு மாதமாகச் சேர்த்து, காகிதத்தில் அழுத்தி, எண் போட்டு வைத்திருந்த எண்பத்திரண்டு வகைப் புல்லின் மேலும் ஒரே முற்பகலில் குப்பம்மாளின் செம்மறிகள் பாய்ந்துவிட்டன. பழைய செய்தித்தாள்களைக்கூட விடவில்லை. மன்னவனூர் ஆடுகளுக்கு அப்படியொரு படிப்பார்வம்.

தமயந்தி மதுரையிலிருந்து வந்து, குப்பம்மாள் வீட்டில் தங்கி, மலைப்புற்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். போன வருஷம் சேர்த்ததெல்லாம் ஈரத்தில் பூஞ்சை பிடித்து வீணாயிற்று. அந்தப் பயத்தில்தான் இந்தமுறை வெயில் தலைகாட்டும்போதெல்லாம் கட்டுகளைப் பிரித்து முற்றத்தில் பரப்பினாள். இன்றும் பரப்பிவிட்டுத் தபால் பெட்டிவரை போயிருந்தாள். மார்கழிக்குள் நூறு வகை காட்டாவிட்டால் அவள் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாகப் பேராசிரியர் குருநாதன் எழுதியிருந்தார். எண்பத்திரண்டு ஆயிற்று என்று பெருமையாகப் பதில் போட்டுவிட்டுத் திரும்பினால், முற்றத்தில் ஆடுகள்.

"டீச்சரு, பட்டியில படலக் கட்டாமப் போயிட்டேங்க. என்னைய ரெண்டு அடியாவது அடிச்சிருங்க" என்று குப்பம்மாள் அழுதாள். டீச்சர் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. இரண்டு பேருக்கும் ஒரே வயது.

தமயந்தியும் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஊருக்கே போய்விடலாமென்று இருந்தது. மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தபோது, மிதிபட்ட காகிதங்களுக்கு நடுவே ஒரே புல் ஏழு தாள்களில் அப்படியே கிடந்தது.

"இத மட்டும் ஏன் விட்டுச்சு?"

"அது சுக்குநாறிப் புல்லுங்க. எங்க ஆடு மோந்துகூடப் பாக்காது."

"அப்ப எது எதத் திங்கும்னு உனக்குத் தெரியுமா?"

"இது என்ன கேள்வி? மேக்கால சரிவுல ஒண்ணு, ஓடைக்கிட்ட ஒண்ணு. மழைக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. தெனம் அதுதான சோலி!"

இத்தனை மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று தமயந்திக்கு வெட்கமாக இருந்தது. அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. புது நோட்டை எடுத்துக் கோடு போட்டாள். பழைய நோட்டில் இல்லாத ஒரு கட்டம் அதில் சேர்ந்தது: ஆடு தின்னும், தின்னாது.

"எங்கூட மேய்ச்சலுக்கு வரணும்னா வெள்ளனே கெளம்பணும். பொறவு என்னையக் குத்தம் சொல்லக்கூடாது" என்றாள் குப்பம்மாள்.

மறுநாள் மேற்குச் சரிவில் பனி விலகுமுன்பே ஆடுகள் இறங்கின. முன்னால் போன கிடா, கதிர் விட்ட ஒரு புல்லைக் கவ்வியது. தமயந்தி இதுவரை பார்த்திராத புல். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி, கிடாவின் வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதியைப் பிடித்து இழுத்தாள். கிடா விடவில்லை. அவளும் விடவில்லை.