ஆடிப்போன படம்

“பீரோலதான் இருந்துச்சு, அம்மா புடவைக்கு அடியில. ஆடினதத்தான்ப்பா வெட்டினேன். நல்ல படத்தத் தொடவே இல்ல.”

அவன் மகள் வாண்டு இப்படிச் சொன்னாள். அவள் மேல் தப்பே இல்லையே. ஆடின படத்தை மட்டும்தான் வெட்டலாம் என்று சட்டம் போட்டதே அவன்தான்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவனுக்கு. சரியாகப் படம் எடுக்கிற நேரம் பார்த்து யாராவது இருமுவார்கள், குழந்தை காலை உதறும், படம் கலங்கிப்போகும். அதற்குப் பேர் ஆடிப்போன படம். டாக்டருக்கு உதவாது, மறுபடி எடுக்க வேண்டும். அப்படிக் கழித்துப்போட்டதையெல்லாம் கேட்டு வாங்கி, பேர் இருக்கிற மூலையை அங்கேயே வெட்டி எறிந்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். கிறிஸ்துமஸுக்கு இந்த வருஷம் கடையில் எதுவும் வாங்குவதில்லை என்று அப்பாவும் மகளும் பேசி வைத்திருந்தார்கள். படத்தை நட்சத்திரமாக வெட்டி, காம்பஸ் முனையால் பொட்டுப் பொட்டாகக் குத்தி, பின்னால் சாக்லேட் காகிதம் ஒட்டினால் போதும். வெளிச்சம் பட்டதும் நீலப் புகைக்குள்ளிருந்து சிவப்பும் பச்சையுமாக மின்னும். ஒரே வாரத்தில் வீடு முழுக்க முட்டியும் முதுகெலும்புமாகத் தொங்கின.

“எல்லார் வீட்லயும் கலர் பேப்பர் தொங்குது. இங்க வந்தா எவன் விலா எலும்புலயோ போய் இடிச்சுக்கறேன்” என்று அவனுடைய அக்கா புலம்புவாள். அவனுக்கு நைட் டியூட்டி வருகிற வாரமெல்லாம் வாண்டுக்குத் துணையாக வந்து படுப்பவள் அவள்தான்.

இன்று காலை டியூட்டி முடிந்து வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் யூனிஃபார்மோடு ஓடிவந்த வாண்டு, புதிதாகச் செய்த நட்சத்திரத்தை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துவிட்டாள்.

“வரையவே இல்லப்பா. அஞ்சு விரலு, அஞ்சு முனை. அப்படியே சுத்தி வெட்டிட்டேன். கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் சாஞ்சு நிக்குது, பரவால்லல்ல?”

ஒரு கை. ஒவ்வொரு எலும்பையும் ஒட்டி இன்னொரு எலும்பு, ரெட்டை ரெட்டையாக. நடுவிரல் நுனியில் பச்சைக் காகிதம். இது எங்கே கிடைத்தது என்று அவன் கேட்டதற்குத்தான் அவள் பீரோ என்றது.

அந்தக் கை எட்டு வருடத்துக்கு முன்னால் மாடிப்படியில் வழுக்கி விழுந்து வந்த ஒருத்தியின் கை. அவன் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது நாள் அது. பதற்றத்தில் வாய் தன்பாட்டுக்கு, “மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க” என்றது. நெஞ்சுப் படம் எடுக்கும்போது சொல்கிற வசனம் அது. “நான் கையால மூச்சு விடறதில்லீங்க” என்று அவள் சிரித்துவிட்டாள். படம் ஆடிப்போயிற்று. மறுபடி எடுத்த நல்ல படம் டாக்டரிடம் போனது, கழித்த படம் அவன் பைக்குள் வந்தது. அடுத்த வருடமே கல்யாணம்.

அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. கடைசி மாதங்களில் அவளுடைய நெஞ்சுப் படங்களையும் அவன்தான் எடுத்தான். மூச்சைப் பிடி என்றான், பிடித்தாள். ஒன்றுகூட ஆடவில்லை. அதில் எதையும் அவன் வைத்துக்கொள்ளவில்லை. பீரோவில் இருந்தது இது ஒன்றுதான். கல்யாண ஃபோட்டோவில் அவள் எல்லாருக்காகவும் சிரித்திருந்தாள். இதில் அவன் ஒருத்தனுக்காக. வாண்டு கொஞ்சம் வளரட்டும், காட்டலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தான்.

“மிஸ் ஆளுக்கு ஒரு ஸ்டார் கொண்டுவரச் சொன்னாங்க. ஸ்கூல் கிறிஸ்துமஸ் மரத்துல மாட்டிட்டு, லீவு விடறப்ப எல்லாத்தையும் வேற ஸ்கூல் பிள்ளைங்களுக்கு அனுப்பிடுவாங்களாம். நான் இதத்தான் கொடுக்கப்போறேன்.”

“திரும்பி வராதா?”

“கிஃப்ட்டுப்பா. கிஃப்ட்ட யாராவது திருப்பிக் கேப்பாங்களா?”

“இது வேணாம். அந்த முட்டி ஸ்டார எடுத்துட்டுப் போயேன்.”

“முட்டிய எவன் கொடுப்பான்? மானமே போயிடும்.” அவள் நட்சத்திரத்தை இன்னொரு தரம் பார்த்தாள். “இது ஆம்பளை கையா, பொம்பளை கையா?”

“பொம்பளை.”

“எப்படித் தெரியும்?”

“எலும்பு சின்னதா இருக்குல்ல.”

“ஏன் ஆடினாங்க? பயந்துட்டாங்களா?”

“இல்ல. சிரிச்சுட்டாங்க.”

“எக்ஸ்ரே எடுக்கறப்ப யாராவது சிரிப்பாங்களா? லூசு போல” என்று வாண்டு கிளுகிளுவெனச் சிரித்தாள்.

அது உன் அம்மா கை என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லியிருந்தால் அவள் நட்சத்திரத்தை அவனிடமே கொடுத்திருப்பாள்தான். ஆனால் கத்திரிக்கோலைப் பிடித்த தன் கையையும் ஒரு தரம் பார்த்திருப்பாள். அந்தப் பார்வையை நினைத்ததும் குனிந்து செருப்பைக் கழற்றினான். வாசலில் ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தது. நோட்டுக்கு நடுவில் நட்சத்திரத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அவள் ஓடிவிட்டாள்.

“என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?” என்று அக்கா காபியோடு வந்தாள்.

“வெட்டின மிச்சமெல்லாம் எங்கக்கா?”

“பெருக்கிக் குப்பை வண்டில போட்டாச்சு. ஏன்?”

அவன் மேஜைக்கு அடியில் குனிந்து தேடினான். துடைப்பத்துக்குத் தப்பியது நாலே நாலு துண்டு. எல்லாம் விரலுக்கும் விரலுக்கும் நடுவிலிருந்து வெட்டி எடுத்தவை. எலும்பே இல்லாத வெறும் கறுப்பு. தரையில் உட்கார்ந்து அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தான். இடைவெளிகள் எல்லாம் இருந்தன, கைதான் இல்லை. அக்கா காபியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

லீவு விட இன்னும் நாலு நாள் இருக்கிறது. நேரே போய் மிஸ்ஸிடம் கேட்டால் கழற்றிக் கொடுத்துவிடுவார். ஆனால் மரத்தில் அந்த இடம் காலியாக இருப்பதை முதலில் பார்க்கப்போவது வாண்டுதான். அப்போது சொல்லியே ஆகவேண்டும். சும்மா விட்டுவிட்டால், எங்கோ முகம் தெரியாத ஒரு பிள்ளையின் ஜன்னலில் அந்தக் கை தொங்கும், இவளும் எதுவும் தெரியாமல் சந்தோஷமாக வளர்வாள். நீங்களே சொல்லுங்களேன், அவன் இடத்தில் நீங்கள் இருந்தால் போய்க் கேட்பீர்களா, மாட்டீர்களா?