டோன்ட் வொரி, அம்பிகா

நவராத்திரி வெள்ளிக்கிழமையன்று ருக்மிணியின் வீட்டுக் கொலுவுக்கு அம்பிகா முன்வாசல் வழியாக வந்தாள். அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சமையலறைப் பின்கதவுதான் அவளுக்கு வழி. இன்று மகள் அபிராமியையும் கூட்டிக்கொண்டு, பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக வந்து, காலிங்பெல்லை அழுத்தினாள்.

ஹாலில் பெண்கள் கூட்டம். எல்லோரும் டெல்லி சரோஜினி நகரை ஒட்டிய அந்த அதிகாரிகள் காலனிக்காரர்கள். அம்பிகா யாரையும் கேட்காமல் சோபாவில் உட்கார்ந்தாள். மகளையும் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள்.

ருக்மிணி குனிந்து அவள் காதருகே பேசினாள். "என்ன அம்பிகா இது? உள்ள போய் சுண்டல் தாளி. ஜல்தி."

"இன்னிக்கு நான் லீவும்மா. கொலு பாக்க வந்திருக்கேன்."

கொலு பார்க்க வந்த சுமங்கலியை எழுந்து போ என்று சொல்ல முடியாது. அதுவும் வெள்ளிக்கிழமை, இத்தனை பேர் எதிரில். இது ருக்மிணிக்குத் தெரியும். ருக்மிணிக்குத் தெரியும் என்பது அம்பிகாவுக்கும் தெரியும்.

அம்பிகா கோபத்தோடுதான் வந்திருந்தாள். இந்தக் கோபம் நேற்றுப் பிறந்தது. ஆனால் அதற்கான காரணம் ஜூன் மாதத்திலேயே தொடங்கிவிட்டது.

ஜூனில்தான் அம்பிகா குடியிருந்த தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பை இடித்தார்கள். அம்பிகாவின் குடும்பத்துக்கு நரேலாவில் வீடு கிடைத்தது. நரேலா டெல்லியின் ஒரு கோடி; அபிராமியின் தமிழ்ப் பள்ளி இன்னொரு கோடி. பெண் ப்ளஸ் டூ. இருட்டோடு கிளம்பி, பஸ் மாறி, மெட்ரோ ஏறிப் பள்ளிக்குப் போய்ச் சேரும்போது முதல் பீரியட் முடிந்திருக்கும். வகுப்பில் தூங்கி விழுந்தாள். இப்படியே போனால் வருகை குறைந்து பரீட்சை எழுத விடமாட்டோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் காலனியில் ஒவ்வொரு வீட்டுக்கும் பின்சந்தில் ஒரு சர்வன்ட் குவார்ட்டர் உண்டு. ஓர் அறை, ஒரு குழாய். அதில் ஒரு குடும்பத்தைக் குடிவைப்பார்கள். வாடகைக்குப் பதிலாக அந்தக் குடும்பத்துப் பெண் சம்பளம் வாங்காமல் வீட்டு வேலை முழுவதையும் செய்வாள். காலங்காலமாக அங்கே அதுதான் ஏற்பாடு. ருக்மிணியின் குவார்ட்டரில் குடியிருந்தவை ஓடாத ஒரு ட்ரெட்மில், அமெரிக்காவுக்குப் போன மகனின் அட்டைப்பெட்டிகள், வருஷத்தில் பத்து நாள் மட்டும் வெளியே வரும் கொலுப்படிகள்.

"பரீட்சை முடியறவரைக்கும் குடுங்கம்மா. சம்பளமே வேணாம்" என்று ஜூனிலேயே அம்பிகா கேட்டாள்.

"டோன்ட் வொரி, அம்பிகா. நான் இருக்கேனோல்லியோ?"

அபிராமி அதற்குக் கவலைப்படாதே என்று அர்த்தம் சொன்னாள். பள்ளிக்கூடத்து அர்த்தம் அது. அம்பிகா அந்த வார்த்தையை வேலை பார்த்த வீடுகளில் கற்றவள். ஜூலையில் ருக்மிணி அதைச் சொன்னபோது, இப்போது அதைப் பற்றிப் பேசாதே என்று அர்த்தம். ஆகஸ்டில் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னபோது, நீ கேட்டதே எனக்கு மறந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டும் அம்பிகாவுக்குப் புரியத்தான் செய்தன. இருந்தும் நம்பினாள். பின் பிளாக்கில் மஹாலட்சுமி மாமி தானாகவே கூப்பிட்டு, "என் குவார்ட்டர் காலியா இருக்கு, வரியா?" என்று கேட்டபோதுகூட, "இல்ல மாமி, ருக்மிணியம்மா தரேன்னிருக்காங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். மாமி மறுவாரமே வேறு குடும்பத்தை வைத்துவிட்டாள்.

நேற்று மத்தியானம் கொலு பொம்மைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ருக்மிணி அடுத்த அறையில் போனில் பேசியது காதில் விழுந்தது. மறுமுனையில் பக்கத்து வீட்டு சுபாஷிணி.

"டோன்ட் வொரி, சுபா. அவளுக்கெல்லாம் தரமாட்டேன். கேம்ப்லேர்ந்து வந்தவா. ஒருத்தியை விட்டா பின்னாடியே நாலு பேர் வருவா. நம்ம லேனே கேம்ப் ஆயிடும்."

அம்பிகாவின் கையில் இருந்தது செட்டியார் பொம்மை. உடைக்கத்தான் நினைத்தாள். துடைத்துப் படியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இப்போது அந்தச் செட்டியாருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

யாரோ பாடினார்கள். சுண்டல் வந்தது. அம்பிகாவுக்கும் கொடுத்தார்கள், அவள் தொடவில்லை. ருக்மிணி தாம்பூலத் தட்டோடு ஒவ்வொருவராக வந்து, கடைசியில் அவளிடம் வந்து நின்றாள்.

"எடுத்துக்கோ அம்பிகா."

"வேணாம்மா."

மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ருக்மிணி சிரிக்க முயன்றாள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா அப்படிச் சொல்லப்படாது. குங்குமமாவது இட்டுக்கோ."

"சாவி குடுங்க, இட்டுக்கறேன். குவார்ட்டர் சாவி."

"அரே, அதுக்கா இவ்வளவு? டோன்ட் வொரி, நவராத்திரி முடியட்டும். பொம்மையெல்லாம் உள்ள வெக்கணுமில்லையா? அப்புறம்..."

"அந்த வார்த்தைய இனிமே எங்கிட்ட சொல்லாதீங்க." அம்பிகா எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை. "எங்க வூட்ட இடிச்சப்ப அதத்தான் சொன்னீங்க. எம் பொண்ணு பஸ்ல நின்னுக்கிட்டே தூங்குதுன்னு அழுதப்பவும் அதத்தான் சொன்னீங்க. நேத்து போன்ல இவங்களுக்கும் அதேதான்." சுபாஷிணியைக் கை நீட்டிக் காட்டினாள். "எனக்குத் தராதீங்கன்னு இவங்க ஒரு வாட்டி கேட்டாங்க, அப்பவே நடந்துடுச்சு. நான் ஜூன்லேர்ந்து கேக்கறேன்."

சுபாஷிணி சுண்டல் தட்டைக் கீழே வைத்தாள். "ருக்கு, ப்ளீஸ். இதெல்லாம் இங்க எதுக்கு?"

"வேற எங்கம்மா பேசறது? பின்கதவுலயா?"

அபிராமி அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அம்பிகா திரும்பவில்லை.

உள்ளறைக் கதவைத் திறந்து ருக்மிணியின் கணவர் சேஷன் எட்டிப் பார்த்தார். மத்திய அரசில் டைரக்டர். பெண்களின் முகங்களைப் பார்த்துவிட்டுக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டார்.

ருக்மிணியின் முகம் சிவந்துவிட்டது. தட்டை டீப்பாயில் ஓசையுடன் வைத்தாள். "சரி, கேட்டுக்கோ. தரமுடியாது. என் குவார்ட்டர், என் இஷ்டம். போறுமா?"

"போறும்மா. இத ஜூன்லயே சொல்லியிருந்தா மஹாலட்சுமி மாமி வூட்டுக்குப் போயிருப்பேன். எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல முழிச்சிருந்திருக்கும். குடுக்காததுக்கு நான் கோவப்படல. முடியாதுங்கற ஒரு வார்த்தைக்கு என்னைய நாலு மாசம் அலைய வுட்டீங்களே, அதுக்குத்தான் வயிறு எரியுது." மகளின் கையைப் பிடித்தாள். "நாளையிலேர்ந்து வேற ஆள் பாத்துக்குங்க."

"உனக்கு இந்தக் காலனில யார் வேலை குடுக்கறான்னு நானும் பாக்கறேன்."

"பாருங்க. நானும் அதத்தான் இப்ப கேட்டுட்டு வரப்போறேன்."

நெற்றியில் குங்குமம் வாங்காமல் வெளியே வந்தாள். பின்னால் யாரோ "அம்பிகா, நில்லு" என்று கூப்பிட்டார்கள். நிற்கவில்லை.

படியில் இறங்கும்போது அபிராமி அழுதுவிட்டாள். "எதுக்கும்மா எல்லார் முன்னாடியும்? இருந்த வேலையும் போச்சு."

"அழுவாத. நவராத்திரிக்கு இந்தக் காலனில எல்லாத் தமிழ் வூடும் தொறந்துதான் இருக்கும். வா."

எதிர் பிளாக்கின் முதல் வீட்டில் கல்யாணராமன் என்பவரின் மனைவி கதவைத் திறந்தாள். அம்பிகா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உங்க குவார்ட்டர் காலியா இருக்காம்மா? இருந்தா உள்ள வரேன். இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க."

அந்தப் பெண் திகைத்தாள். "இல்லையேம்மா. ஆள் இருக்கா."

"சரிம்மா." அவ்வளவுதான். அந்த 'இல்லை' அவளுக்கு வலிக்கவேயில்லை.

மேல்மாடியில் ஸ்ம்ருதி என்ற இளம்பெண். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். கேள்வியைக் கேட்டதும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"குவார்ட்டர் காலிதான். ஆனா ஹஸ்பண்டைக் கேக்கணும். நீங்க டோன்ட்..."

"எப்ப கேப்பீங்க?" அம்பிகா அவளை முடிக்கவிடவில்லை. "இப்ப அவரு வூட்லதான இருக்காரு?"

ஸ்ம்ருதி அம்பிகாவின் முகத்தைப் பார்த்தாள். அழுது வீங்கிய கண்களோடு பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்தாள். உள்ளே திரும்பி, கணவனை வெளியே வரச்சொல்லிக் குரல் கொடுத்தாள்.

"அர்விந்த், ஜரா பாஹர் ஆவோ. ஒரு விஷயம் டிசைட் பண்ணணும்."

பிறகு வாசல் பக்கம் திரும்பி, "உள்ள வந்து உக்காருங்க" என்றாள்.

"பதில் வரட்டும்மா" என்றாள் அம்பிகா. வாசலிலேயே நின்றாள்.