மார்ச் மாதத்துக் கடப்பாரை

மட்டாஞ்சேரியில் அந்த அரசு அலுவலகத்தின் முற்றத்தில் கடப்பாரையோடு வந்து நின்ற கொத்தன் இசக்கிராஜாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெயர்க்கச் சொன்ன தரைக்கற்கள் இரண்டு வருடத்துக்கு முன்பு அவனே பதித்தவை. குனிந்து நாலைந்து கல்லை அசைத்துப் பார்த்தான். ஒன்றுகூட ஆடவில்லை.

"சார், கல்லெல்லாம் நல்லாத்தான இருக்கு. எதுக்குப் பெயர்க்கச் சொல்லுதிய?"

ஓவர்சியர் லக்ஷ்மிநாராயணன் சாயாவை உறிஞ்சினார். "நன்னாத்தான் இருக்கு, ஆரு இல்லேன்னா? மார்ச்சு முப்பத்தொண்ணுக்குள்ளே ஃபண்டு செலவாகணும். மிச்சம் வச்சா அடுத்த வருஷம் வெட்டிக் குறைச்சுடுவா. பெயர்த்துட்டுப் புதுசு போடு, அது மதி, அவ்வளவு போறும்."

செலவழித்துக் காட்டுவதற்காக ஒரு செலவு! பிஸ்கட்டைச் சாயாவில் நனைத்தபடி இதைச் சொல்ல அந்த மனிதருக்குக் கொஞ்சமும் கூசவில்லை. இத்தனைக்கும் 'கடன் நிதியில் நடைபெறும் பணி' என்று வாசலில் பலகையே கட்டியிருந்தார்கள்.

இசக்கிராஜா குடியிருக்கும் சந்து அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அங்கே கழிவுநீர் ஓடை இடிந்து கிடக்கிறது. காயலில் ஏற்றம் வந்து நீர்மட்டம் உயரும்போதெல்லாம் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். அன்று காலையும் அவன் மனைவி மாடத்தி கணுக்கால் அளவு கறுப்புத் தண்ணீரில் நின்றுதான் சோறு வடித்தாள். செங்கல் வைத்து உயர்த்திய கட்டிலில் மகள் காய்ச்சலோடு கிடந்தாள். மூன்று முறை மனுக் கொடுத்தாயிற்று. மூன்று முறையும் ஃபண்டு இல்லை என்றார்கள்.

"இந்தப் பணத்துல எங்க ஓடையக் கட்டித் தரலாமே சார்?"

"எடோ, அது வேறெ கணக்காக்கும். இதுலேர்ந்து எடுத்து அதுல போட முடியாது. உனக்குப் பத்து நாள் பணி இருக்கோன்னோ? அதைப் பாரு."

பத்து நாள் வேலை. மகளுக்கு மருந்து வாங்க வேண்டும். இசக்கிராஜா கடப்பாரையை ஓங்கினான். அவ்வளவு கச்சிதமாகப் பதித்திருந்ததால் முதல் கல் லேசில் வரவில்லை. நெம்பி எடுத்துத் திருப்பிப் பார்த்தான்; ஒரு கீறல்கூட இல்லை. கடப்பாரையைக் கீழே போட்டான்.

"என்னால முடியாது சார்."

"உன்னை விட்டா ஆளா இல்லை?" என்று லக்ஷ்மிநாராயணன் போனை எடுத்தார்.

"வரட்டும் சார். நான் கடன் வாங்குனா பிள்ளைக்கு மருந்து வாங்குவேன். கட்டியிருக்க நல்ல வேட்டியக் கிழிச்சுட்டுப் புது வேட்டி எடுக்க மாட்டேன். இந்தக் கடன நீங்களா அடைக்கப் போறிய? என் மகளும் அவ பிள்ளையளும்லா அடைக்கணும்! ஊர் பேர்ல கடன் வாங்குனா, ஊருக்கு எது அவசியமோ அதுக்குச் செலவழிங்க. செலவழிச்சுக் காட்டணும்னே செலவழிக்கது திருட்டு சார். ரசீது போட்ட திருட்டு."