மூச்சுக்கு எரியும் விளக்கு

வாசிப்பறைப் பொறுப்பாளர் அடித்துவைத்த ஆணி போல நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூக்கு நுனி அரித்தது. சொறியவில்லை. கண்ணை மட்டும் உருட்டி, கூரையில் ஒட்டியிருந்த வெள்ளைக் குமிழைப் பார்த்தாள். கண்டுபிடி பார்க்கலாம் என்று மனதுக்குள் அதனிடம் சொன்னாள்.

ஆள் அசைவைக் கண்டுபிடிக்கும் அந்தக் குமிழ்கள் பல்கலைக்கழகம் முழுக்க இருந்தன. பொருத்தியவள் அவளுடைய தம்பி மனைவி, கட்டடங்களைக் கவனிக்கும் பொறியாளர். ஆள் வெளியேறினால் விளக்கு தானே அணையும், வெயில் ஏறினால் ஜன்னல் திரை தானே இறங்கும், வகுப்பு காலியானால் குளிர்காற்று நின்றுபோகும். பாதி மின்சாரம் மிச்சம். தன் வீட்டில் குளியலறை விளக்கை அணைக்கச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவள் என்பதால், இது எவ்வளவு பெரிய காரியம் என்று பொறுப்பாளருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் வாய்விட்டுப் பாராட்டினால் முத்து உதிர்ந்துவிடுமே!

அந்தக் குமிழ் தன் வாசகர்கள்மேல் கைவைத்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. புத்தகத்தில் மூழ்கியவர்கள் அசைவதில்லை. அசையாதவர்களை ஆளே இல்லை என்று எடுத்துக்கொண்டு விளக்கு அணைந்துவிடும். உடனே எல்லாக் கைகளும் கூரையை நோக்கி ஆடும்.

"படிக்க வர்றாங்களா, பஸ்ஸை நிறுத்த வர்றாங்களா?" என்று வீட்டில் சாப்பிடும்போதே தம்பி மனைவியிடம் கேட்டுவிட்டாள். தலைமை நூலகரிடமும் புகார் போனது. அவர் ஒரே வார்த்தையில் முடித்தார். இன்று மாலைக்குள் சரியாக வேண்டும், இல்லையென்றால் நூலகத்தில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பழைய சுவிட்சுகளே போதும்.

காலையில் பொறியாளர் கண்கள் சிவந்து வந்து நின்றாள். "மூச்சையும் கணக்குல சேர்த்துட்டேன் அண்ணி. ஆளு இருந்தா அறைக்காத்து மாறும். அசையலைன்னாலும் இனிமே அணையாது."

"சொன்னா போதுமா? நானே உட்கார்றேன். அசையாம."

அதனால்தான் இந்தச் சின்னத் தனியறை, இந்த ஆணித்தவம். கீழே கட்டுப்பாட்டு அறையில் பொறியாளரும் தலைமை நூலகரும் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விளக்கு அணைந்தது.

ஜெயித்துவிட்டோம் என்று ஒரு கணம் நெஞ்சு துள்ளியது. மேசையில் போன் அடித்தது. எடுக்கக் கை நீட்டியதுமே விளக்கு மறுபடி வந்துவிட்டது.

"அணைஞ்சிடுச்சு இல்ல அண்ணி?" பொறியாளரின் குரலில் உயிரே இல்லை. "சரி விடுங்க. கழட்டச் சொல்லிடறேன்."

அந்தக் குரல் பொறுப்பாளருக்குச் சுருக்கென்று தைத்தது. நாத்தனார் என்றால் கொஞ்சம் குத்தலாம், குழி தோண்டலாமா? அப்போதுதான் பிடரியில் காற்று படுவது உறைத்தது. திரும்பினாள். திரைக்குப் பின்னால் ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. பழைய தாள்வாடை போகட்டும் என்று தினமும் காலையில் வந்ததும் அவள் கை தானாகத் திறக்கும் ஜன்னல். அவள் விட்ட மூச்சையெல்லாம் அதுதான் வெளியே அனுப்பியிருக்கிறது.

மூடிவிட்டுப் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

"ஏம்மா, கழட்டாதே. ஜன்னல் திறந்திருக்கு. நான்தான் திறந்தேன், மறந்தே போச்சு. நூலகர்கிட்டயும் சொல்லு. மறுபடியும் முதல்லேருந்து."

எழுந்தாள். ஜன்னலை அழுத்திச் சாத்தினாள். போனை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். இம்முறை குமிழை முறைக்கவில்லை. அணைஞ்சிடாதே தாயே என்று வேண்டிக்கொண்டாள்.

அறை மெல்லப் புழுங்கியது. மூக்கு மறுபடி அரித்தது. போன முறை அணைந்த நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தின் முள் நெருங்கியது, தொட்டது, தாண்டியது. விளக்கு அணையவில்லை. மேலே குளிர்காற்று வரும் குழாய்வாயின் தகடுகள் மெதுவாக விரிய, வியர்த்த நெற்றியில் குளிர்ந்த காற்று வந்து பட்டது. ஒரு விரலைக் கூட அசைக்காமல், கேட்காமலே கிடைத்த காற்று. கெட்டிக்காரிடி நீ, என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது.

மேசையில் போன் அடிக்கத் தொடங்கியது. ஜெயித்த சேதியைச் சொல்லக் கீழிருந்து தம்பி மனைவிதான். கையை நீட்டினால் அதுவும் ஓர் அசைவாகிவிடும். போன் அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்பை நோக்கி நகர்ந்தது. கன்னத்தில் இறங்கிய கண்ணீரைத் துடைக்காமல், அந்த வெளிச்சத்தில் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.